சுவரோடு இறங்கிய மணல்

எங்கள் அப்பா பயந்த சுபாவம் கொண்டவர்கள். நினைவு மலரை இப்படித் தொடங்கலாமா என்று அம்மா தயங்கினார்கள். வேறு எப்படித் தொடங்கினாலும் அது எங்கள் அப்பாவாக இருக்காது.

சாத்தான்குளத்தை அடுத்த செம்மணல் தேரியில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஒரே தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பம்பாய் வந்தார்கள். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை பார்த்தார்கள். பிறகு கடற்கரையை அளக்கும் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மாகிம் கரையில் மணல் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சேர்கிறது என்று மாதம் இருமுறை அளந்து எழுத வேண்டும். கரையோரக் கருங்கல் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அந்தக் கோட்டிலிருந்து மணல் எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதுதான் அளவு. மழைக்காலத்தில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போகும். கிறிஸ்துமஸுக்குள் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினார்கள். அந்தத் தைரியத்தில்தான் அத்தையும் மாமாவும் மூன்று பையன்களோடு சுவருக்குப் பின்னால் வீடு போட்டார்கள். இடம் காட்டியதே அப்பாதான்.

சீனச் சண்டை வந்த ஆண்டு, மே மாதக் கடைசி ஞாயிறன்று, ஆராதனை முடிந்து அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டே சொன்னார்கள்:

“இப்பம்லாம் இங்கன உக்காந்தாலே கடல் தெரியுதுண்ணே. முன்ன சுவரு மறைச்சிக்கிட்டுல்லா இருக்கும். நல்ல காத்து.”

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். முகம் வெளுத்துவிட்டது. அடியில் மணல் குறையக் குறையச் சுவரும் மெல்ல இறங்கியிருந்தது. சுவரோடு சிவப்புக் கோடும் இறங்கியிருந்தது. மணலும் கோடும் சேர்ந்து இறங்கினால் இடைவெளி எப்படி மாறும்? அப்பாவின் நோட்டில் மட்டும் மணல் பத்திரமாக இருந்தது.

“ஏட்டி, பிள்ளைகளக் கிளப்பு” என்றார்கள்.

மாமாவுக்குச் சிரிப்பு. “மச்சான், போன மாசம்தானே ஒண்ணும் குறையலன்னு சொன்னிய?”

“தப்பாச் சொல்லிட்டேன் மாப்ளே. நான் எழுதுனது மொத்தமும் தப்பு.”

அக்கம்பக்கத்து மீனவர் வீடுகளுக்கும் போய், “மேரா நாப் கலத் ஹை, பாயி” என்று, தம் அளவு தவறென்று கைகூப்பிச் சொன்னார்கள். அவர்கள் திட்டிக்கொண்டே சாமான்களைக் கட்டினார்கள். மறுநாள் அலுவலகத்திலும் அதையே சொல்லி மெமோ வாங்கிக்கொண்டார்கள்.

ஆண்டாப் ஹில்லில் எங்கள் ஒற்றை அறையில், அத்தை குடும்பத்தையும் சேர்த்துப் பத்துப் பேர். மழை பிடித்தது. கடல் ஏறும் நேரமெல்லாம் அப்பாவுக்குச் சோறு இறங்காது. ஆனால் சுவர் மூன்று வாரம் அசையாமல் நின்றது. வீட்டுக்குத் திரும்ப மாமா பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அப்பா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்கள்.

“இந்த அமாவாசை போகட்டும் மாப்ளே. பொறவு நானே கொண்டுவிடுதேன்.”

அமாவாசையன்று பட்டப்பகலில், கடல் உச்சமாக ஏறிய நேரத்தில் சுவர் சரிந்தது. நாங்கள் போனபோது அத்தை வீடு இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அத்தை பையன்களை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “நாந்தானே உங்கள இங்க கொண்டாந்து வச்சேன்” என்று சொல்லி அப்பா அழுதார்கள்.

அதற்குப் பிறகு அப்பா சிவப்புக் கோடு போட்டது பாறையில். அந்தப் பாறையையும் நம்பாமல் இன்னொரு பாறையில் இன்னொரு கோடு. நாங்கள் கேலி செய்வோம். அப்பா சிரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பயம் திரும்பி வந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில்தான் நெஞ்சுவலி கண்டு, செம்பூர் மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்து, கர்த்தரிடம் இளைப்பாறச் சென்றார்கள்.

உடனிருந்த சபை மக்களுக்கும், மாகிமிலிருந்து திரண்டு வந்த மீனவக் குடும்பங்களுக்கும் நன்றி சொல்கிறோம். அத்தையின் பையன்களுக்கும் சொல்ல வேண்டும். சவப்பெட்டியை மாற்றிப் பிடிக்க எத்தனையோ பேர் வந்தும் கல்லறைவரை அவர்கள் தரவில்லை. கடைக்குட்டிக்குத் தோள் எட்டவில்லை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தான்.