பெரியசாமியும் மெனிக்கேயின் வயிறும்

காதை மெனிக்கேயின் வயிற்றில் ஒட்டி வைத்துவிட்டால், பெரியசாமியிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால், ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறு என்று காட்டுவார். கண் இரண்டும் மூடியிருக்கும். எங்கள் தோட்டவெளி ஊரில் காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் காதை எடுத்து, மனைவி சிசிலியாவிடம், "உள்ளுக்கு நல்லா பேசுது புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணீரைக் கையில் வாங்குவார்.

மெனிக்கே அவருடைய குதிரை. நுவரெலியாவில் ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகளைச் சுமந்து திரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரும் இவர்தான். வயது போய்விட்டது என்று முதலாளி அதைக் கழித்துவிட்டபோது, லொறியில் ஏற்றிக்கொண்டு சிசிலியாவின் ஊரான இந்தத் தீவுக்கு வந்து இறங்கிவிட்டார். குளிர்நாட்டுக் குதிரை உப்புக்காற்றில் நிற்குமா என்று சனம் சிரித்தது. நின்றது. பின்னேரங்களில் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும். கலியாண ஊர்வலத்துக்குப் போகும். எங்கள் கோயில் திருநாளில், குதிரையேறிய புனிதர் சந்தியோகுமையோரின் சுருவச் சிலையை அலங்காரக் கூட்டில் வைத்துத் தூக்கி வரும்போது, அதற்கு முன்னால் நடக்கும்.

பெரியசாமி ஆள் கட்டை. இந்த வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். "மண்டைக்குள்ள இன்னும் மலைதாங்க" என்பார். வீட்டில் தமிழ், குதிரையோடு சிங்களம். அது பழகிய பாசையாம். சிசிலியாவோடு கோபம் வந்தால் குதிரையிடம் போய்ச் சிங்களத்தில்தான் முறையிடுவார். சிசிலியாவுக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்கு நினைவில் இருப்பதில்லை.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தன் குதிரை எந்த ஊர்வலத்திலும் லத்தி போட்டதில்லை. காரணம், முதல் நாள் பின்னேரமே அதன் வாயில் வாய்க்கூடு கட்டிவிடுவார். பிறகு ஊர்வலம் முடியும் மட்டும் ஒரு புல்லும் உள்ளே போகாது. கோயில் வாசலும் பந்தல் வாசலும் சுத்தமாக இருக்க வேண்டாமா? போன வருடம் திருநாளைத் தொடர்ந்து கலியாணங்கள் அடுக்கடுக்காக வந்தன. வாய்க்கூடும் அடுக்கடுக்காக ஏறியது.

பிறகு மெனிக்கே மாறிப்போனது. கொள்ளில் இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பும். சும்மா நிற்கும்போது பல்லை நறநறவென்று கடிக்கும். சேணத்து வாரை இறுக்கினால் கடிக்க வரும். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கும். எலும்பு தெரிந்தது. பெரியசாமி கண்ணூறு கழித்தார். கண்ணூறு இல்லை என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்? சிசிலியா மெழுகுதிரி கொளுத்தினாள். அதோடு நிற்காமல், மிருக வைத்தியர் வேணுஜாவையும் கூட்டிவந்தாள்.

அந்தப் பிள்ளை குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தீனி விவரமெல்லாம் கேட்டது. வாய்க்கூட்டின் கதை வந்ததும் நிமிர்ந்தது.

"ஐயா, இது வயித்துப்புண் எண்டுதான் நினைக்கிறன். குதிரை திண்டாலும் திண்ணாட்டியும் வயித்துக்குள்ள அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். புல்லுச் சப்பேக்க வாற எச்சில்தான் அதை ஆத்தும். வெறும் வயித்தோட நடந்தா அமிலம் தளம்பி மேல அடிக்கும், எரிக்கும்."

"அப்ப நாந்தான் எரிச்சிருக்கேன்."

"தெரியாமத்தானே ஐயா. இனி வாய் கட்டாதேங்கோ."

சிசிலியா தன் காஸ்ட்ரிக் குளிசைப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "ஒரு வீட்டில ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். எனக்கு வந்தது ஆரால எண்டும் கேளுங்கோ டொக்டர்." அந்த நேரத்திலும் பெரியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொழும்பிலிருந்து பற்பசை போன்ற மருந்து வந்தது. விடியவே, புல் போடுவதற்கு முன், நாக்கின் பின்பகுதியில் பிதுக்குவார். பாதியை மெனிக்கே அவருடைய தொப்பியில் துப்பும். கொள்ளு குறைந்தது, புல் கூடியது. இந்த மண்ணில் புல்லுக்கு எங்கே போவது? தீவுக்கு வெளியே, அடம்பன் ஊர் வயல் வரம்புகளில் அறுத்து பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு வருவார். இறக்கி வைத்தால் ஊர்க் கழுதைகள் வந்து வரிசையில் நிற்கும். சிசிலியாவின் அண்ணன் யாகப்பர் கிழிந்த வலையொன்றைக் கொடுத்தார். அதில் புல்லைத் திணித்து உயரக் கட்டினால், வலைக் கண்ணுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க முடியும். நாள் முழுக்க வாய் அசையும். கழுதைகளுக்கும் எட்டாது.

எடுத்த எடுப்பில் மாறவில்லை. ஆனால் பல் கடிப்பது நின்றது. மயிர் மினுங்கத் தொடங்கியது. கடற்கரையில் பிள்ளைகளைக் கண்டு ஒருநாள் தானாகவே கனைத்தது. பட்டினி கிடந்தால் புண் திரும்பவும் வரும் என்று மட்டும் வேணுஜா சொல்லிவைத்திருந்தாள்.

இந்த வருடத் திருநாளுக்கு, விழாக்குழுத் தலைவர் றொஷான் வேலிப் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, மெனிக்கே வரவேணும். வழமைபோல முதல் நாளே வாயைக் கட்டிவிடுங்கோ. வாசல்ல அசிங்கம் பண்ணினா சனம் என்னைத்தான் ஏசும்."

"சாப்டுட்டுத்தான் வரும் தம்பி. வழியிலயும் சாப்டும். சரிவராட்டி சேணத்த நீங்களே போட்டுக்கிட்டு முன்னுக்கு நடங்க."

"கோயில் காரியம் அண்ணை. சந்தியோகுமையோர் என்ன நினைப்பார்?"

"அவரும் குதிரை வச்சிருக்கிறவருதானே. அவருக்கு வெளங்கும்."

றொஷானுக்கு முகம் சிவந்தது. வேறு குதிரைக்கு இந்தத் தீவில் எங்கே போவது? சிசிலியா உள்ளேயிருந்து, "ஓலைக் கடகத்தோட நான் பின்னால வாறன் தம்பி. ஒண்டும் நிலத்தில கிடக்காது" என்றாள். அப்படியே முடிவாயிற்று.

திருநாளன்று பின்னேரம் மெனிக்கே வலையைக் காலி பண்ணிவிட்டுத்தான் புறப்பட்டது. சிசிலியா புதுச் சீலையில், கையில் கடகத்தோடு, ஒரு ராணியைப் போல நடந்து வந்தாள். கடகத்துக்கு வேலையும் இருந்தது. ஏசியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. ஊர்வலம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

சந்தியில் தெருவுக்குக் குறுக்கே குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மெனிக்கே நின்றுவிட்டது. கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி எட்டிப் பார்த்தது, எட்டவில்லை. பாண்ட் வாத்தியம் நின்றது. பின்னால் கூடு தூக்கியவர்கள் நின்றார்கள். றொஷான் முன்னால் ஓடிவந்து, "நடத்துங்கோ அண்ணை, நடத்துங்கோ!" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார்.

பெரியசாமி கடிவாளக் கயிற்றைத் தோளில் போட்டார். நுனிக்காலில் எழும்பி, தோரணத்திலிருந்து தொங்கிய கயிற்று நுனியைப் பிடித்து இழுத்து, ஓலைகளை மெனிக்கேயின் வாய்க்கு நேரே தாழ்த்தினார். அது ஆறுதலாகச் சப்பி முடிக்கும் மட்டும், கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.