சம்மனசு ஏறிய குதிரை

என் மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் பின்னால் நின்று கால்களைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நேராகத்தான் நடக்கிறாள். ஆனாலும் கணவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல்வேன். நேராகத்தான் நடக்கிறாள் என்று அவர் வாயாலும் கேட்டுவிட்டால் அன்றைக்குப் போதும். இதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்தது ஒரு குதிரையின் கால்களை.

கடத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் தாய்மாமா ஒரு நாட்டியக் குதிரை வைத்திருந்தார். கல்யாண ஊர்வலங்களில் பம்பை அடிக்கு முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். தார் ரோட்டில் ஆடுகிற குதிரைக்கு முதலில் கெடுவது மூட்டுதான் என்பார். ஆடிவிட்டு வந்ததும் ஏரித் தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நிறுத்துவார். பிறகு கணுக்காலில் களிமண் பத்து போடுவார். கொட்டகையில் மணல்தான் பரப்பியிருக்கும். கால் லேசாகப் பிசகினாலும், ஒத்துக்கொண்ட ஊர்வலத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிடுவார். "கல்யாணம் அவனுக்கு. காலு என் குதிரைக்கு" என்பது அவர் நியாயம்.

எனக்கு ஏழு வயதானபோது, எங்கள் ஊர் அந்தோணியார் திருவிழாவில் தேருக்கு முன்னால் அந்தக் குதிரை வர வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டார்கள். விவசாயத்தை விட்டுவிட்டுக் குதிரை மேய்க்கிறான் என்று மாமாவைக் கேலி பேசியவர்களே வீடு தேடி வந்து கேட்டார்கள். குதிரைமேல் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர் வேடம் போட்ட பிள்ளை, உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றார் ஒருவர். வெள்ளைப் பாவாடையும் அட்டை இறக்கையுமாக உட்காரப்போகிற அந்தச் சம்மனசு நான்தான் என்று முடிவானது.

திருவிழா அன்று காலையில் மாமா குதிரையை நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்துக்குக் கொண்டுவந்தார். நொண்டல் மெத்தென்ற மண்ணில் மறைந்துகொள்ளும், கெட்டித் தரையில் தெரிந்துவிடும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலை தாழும். என்னை எதிரே நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி அதனுடன் ஓடி வந்தார்.

"தல ஆடுதா பாரு பாப்பா."

இடது கால் பட்ட ஒவ்வொரு முறையும் தலை மேலே போனது. வீட்டில் இறக்கை காய்ந்துகொண்டிருந்தது. காலையில்தான் அதற்கு ஜிகினா ஒட்டியிருந்தார்கள்.

"இல்லீங்க மாமா. நேராத்தான் வருது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க."

மாமா இன்னொரு முறை ஓடவிடவில்லை. "அப்புறமென்ன, பாப்பாவே சொல்லிட்டா" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

மாலையில் தேர் புறப்பட்டது. பேண்டு செட்டுக்கு முன்னால் குதிரை ஆடவில்லை. தலையை ஏற்றி இறக்கிக்கொண்டே நடந்தது. கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"பாருடா, குதிரையே அந்தோணியாருக்குக் கும்பிடு போடுது."

"நீ போன வாரம் பூசைக்கே வரல. அதப் பாத்தாவது கத்துக்க."

"சம்மனசுக்கு மூக்கு ஒழுகுது, யாராச்சும் தொடச்சு வுடுங்க" என்றார் அத்தை.

ஒவ்வொரு கும்பிடும் எனக்குத் தொடையில் தெரிந்தது. இறக்கிவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். எல்லோரும் என்னையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

மறுநாள் காலையில் குதிரை இடது காலைத் தரையில் ஊன்றவில்லை. கணுக்கால் இரண்டு பங்காக வீங்கியிருந்தது. கால்நடை டாக்டர் வந்து மூட்டை அழுத்திப் பார்த்தார்.

"இது நேத்து வந்த வலி இல்லீங்க. ஏற்கெனவே இருந்ததுதான். அப்பவே நிறுத்தியிருந்தா தேறியிருக்கும். இனிமே இத ஆட வெக்காதீங்க."

பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்து, "இத்தன வருசமா குதிர வெச்சிருக்கீங்க, நொண்டுறது உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார்.

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கயிற்றைப் பிடித்து ஓடுகிறவருக்கு நொண்டல் கையிலேயே தெரிந்துவிடும் என்பதும், அதற்கு ஏழு வயதுப் பிள்ளையின் கண் தேவையில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மாமா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து மாமாவை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.