செல்லுக்குக் கம்பி கட்டின கதை

செயற்கை செல் செய்யறேன்னு சொன்னா, எங்க ஊர்ல ரிப்பேருக்குப் போனை எடுத்து நீட்டறாங்க. என்ன வேலைன்னு விளக்கியே தொண்டை வத்திப்போன சக பாவப்பட்ட ஜனங்களே, உங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லறது?

சரவணம்பட்டியில ஒரு காலேஜ் ஆய்வுக்கூடத்துல இருக்கறேன். கொழுப்புச் சவ்வுல கண்ணுக்குத் தெரியாத குமிழி செஞ்சு, அதுக்குள்ள புரத நூலால சட்டம் கட்டணும். கூரைக்குக் கம்பி கட்டற மாதிரிதான். நூல் சரியாப் பின்னுச்சுன்னா குமிழி உருண்டையாக் கெடக்காம முனை நீட்டி நிக்கும். மாசக் கடைசிக்குள்ள ஒண்ணாச்சும் அப்படி நிக்கலைன்னா என் வேலை போயிரும்னு ஆய்வுக்கூடத்தை நடத்தற மேடம் சொல்லிப்போட்டாங்க.

கோழி நெஞ்சு

அந்த நூல் தசையில இருக்குது. அதனால காலங்காத்தால ஐஸ் பெட்டியோட கறிக்கடையில நிப்பேன். நெஞ்சுக்கறி மட்டும், அதுவும் அறுத்த சூட்டோட வேணும்னு கேட்டா, ஊட்டுக்கு விருந்தாளிங்களான்னு கடைக்கார பாய் கேப்பாரு. ஒருநாள் பொறுமையா எல்லாத்தையும் விளக்கினேன். கத்தியைக் கீழ வெச்சுப்போட்டுக் கேட்டாரு: "ஏனுங்க அம்மணி, கோழிக்குள்ள இருக்கறப்பவே அது நல்லாத்தானுங்களே இருந்துச்சு?"

பச்சை வெளிச்சம்

நாலு நாள் குளிர் ரூம்ல நின்னு அரைச்சு, அலசி, வடிச்சு, நூலை எடுத்துக் குமிழிக்குள்ள விட்டேன். மைக்ராஸ்கோப்புல பார்த்தா பூராவும் பச்சையா மின்னுது. நூலுக்குப் போட்ட சாயம்தான் மின்னுதுன்னு நெனச்சு மேடத்தைக் கூப்பிட்டேன். கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் சரிபார்க்கச் சாயமே போடாத நூலை விட்டுப் பார்த்தோம். அதுவும் மின்னுச்சு. அப்ப மின்னுனது எங்க சாயமே இல்லை. மேடம் அவங்க ரூமுக்கே திரும்பிப் போயிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மறுநாள் பாய்கிட்டப் போய், கறியில ஏதாச்சும் சேர்த்தீங்களான்னு கேட்டேன். மஞ்சத்தூள் பூசினாராம். நீல வெளிச்சம் பட்டா மஞ்சள் பச்சையா மின்னும், எத்தனை அலசினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். கோபப்படவும் முடியலை, அவரு அத்தனை சங்கடத்தோட சொன்னாரு: "வாடிக்கையா வர்ற புள்ளைக்கு வெறுங்கறியக் குடுக்க மனசு வரலீங்க."

பதினொரு நிமிஷம்

மஞ்சள் பூசாத புதுக் கறியோட மறுபடியும் நாலு நாள். மாசக் கடைசி நாள் மத்தியானம், சோத்துப் போசியைத் தொறக்கப் போனவ, சும்மா ஒருதரம் எட்டிப் பார்த்தேன். ஒரு குமிழி உள்ளிருந்து முட்டி, ஒரு பக்கமா முனை நீட்டிக்கிட்டு நிக்குது. மூச்சு விடவே பயமா இருந்துச்சு. மேடம் ஓடி வந்தாங்க. சாயமில்லாததையும் அவங்களே வெச்சுப் பார்த்தாங்க, அது இருட்டாத்தான் இருந்துச்சு. எங்க குமிழி பதினொரு நிமிஷம் நின்னுச்சு, காமிராவுலயும் பதிஞ்சுச்சு. அப்புறம் பழையபடி உருண்டையாயிருச்சு.

வேலை தப்பிச்சுதுங்களான்னு கேட்டேன். மேடம் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே சொன்னாங்க: "இன்னும் ஆறு மாசம் இரு கண்ணு, இதைப் பன்னெண்டு நிமிஷமாக்கிக் குடு."

ஒரு செல்லை நிமித்தி நிக்க வெக்கறதுக்குள்ள எம்பட முதுகு வளைஞ்சுபோச்சுங்க.