கட்டிலுக்கடியில் என் நாவல்

சொந்தமாகப் புத்தகம் போடுகிற தொழிலில் எழுதுகிறவர், சுமக்கிறவர், கடை கடையாக ஏறி இறங்குகிறவர், கடைசியில் கட்டிலுக்கடியில் பெருக்க முடியாமல் துடைப்பத்தோடு நிற்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். இதில் கையைச் சுட்டுக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாவலின் பெயர் ‘காம்பு’. திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்றே பெயர்கொண்ட கடைத்தெருவில், மொத்த வியாபாரக் கடைகளின் பின்கட்டில் உட்கார்ந்து வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிய மூன்று தமிழ்ப் பெண்களின் கதை. மூவரில் ஒருத்தி என் அம்மா. அந்தக் கூலியில்தான் என்னைக் கான்வென்டில் படிக்க வைத்தாள். அவள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் சிஸ்டருக்குத் தும்மல் வரும். மிளகாய் நெடி சேலையை விட்டுப் போகாது. இப்போது அம்மா இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளி விற்கிறார்கள்.

எனக்கு விருது வேண்டாம். யாராவது ஒருவர், நான் கெஞ்சாமல், கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு அம்மாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். கேட்டதற்குக் கிடைத்தவை கீழே.

திருத்தித் தாருங்கள்

முதலில் நானும் முறையாகத்தான் போனேன். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் மௌனம். பிறகு ஒருநாள், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது போன் வந்தது. கதை பரவாயில்லையாம், பேச்சுதான் இடிக்கிறதாம். ‘எந்தா பிள்ளே, இன்னும் ஊணு கழிக்கலியா?’ என்று, சாப்பிடவில்லையா என்பதற்கு, என் ராசம்மாள் கேட்கிறாளே, அது எந்த ஊர்த் தமிழ் என்றார். இந்த ஊர்த் தமிழ் என்றேன். விளவங்கோட்டில் பிறந்து சாலையில் கூலிக்கு உட்கார்ந்த பெண் வேறு எப்படிப் பேசுவாள்? செய்தி வாசிக்கிற மாதிரியா?

இங்கே ஒரு மலையாளப் பதிப்பாளரிடம் போனால், அவர் மொழிபெயர்த்துக்கொண்டு வரச் சொன்னார். அந்தப் பக்கம் போனால் மலையாளத்தி, இந்தப் பக்கம் வந்தால் பாண்டி, தமிழருக்கு இங்கே வைத்த பெயர். எல்லைக் கோட்டின் மேல் உட்கார்ந்து எழுதியவளுக்கு எந்த வாசலும் திறக்காது என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். சென்னைக்காரர் போனை வைக்கும் முன் சொன்னது:

“உங்க கதை தமிழ்தான் மேடம். உங்க ஆளுங்கதான் யாருமே தமிழ் பேச மாட்டேங்கிறாங்க.”

வெளுப்பு

சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். அட்டை வடிவமைக்கக் கரமனையில் சிந்து என்றொரு பெண். மிளகாய்க் குவியலைச் சுற்றி மூன்று கறுத்த பெண்கள், பின்னட்டையில் என் படம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மூன்று பால்கோவாப் பொம்மைகள் உட்கார்ந்து மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தன. பின்னட்டையில் யாரோ ஒரு ரோஸ் பவுடர் அம்மாள் சிரித்தாள். யாரிது என்றேன். சேச்சிதான் என்றாள். என் நிறம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாடகத்தில் தேவதை வேஷம் ஒருமுறைகூட எனக்குக் கிடைத்ததில்லை. வாசலில் நிற்கிற காவல்காரன் வேஷம்தான்.

“ஒரிஜினல் கலர் வெச்சா ஆரு சேச்சி வாங்கும்?” என்று கேட்டாள். அவளும் கறுப்புதான், பாவம். கோபத்தை அடக்கிக்கொண்டு பழைய நிறத்துக்கு மாற்ற வைத்தேன். அச்சகத்தில் மையை அள்ளி ஊற்றிவிட்டார்கள் போல. பெட்டியைப் பிரித்து முதல் பிரதியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி என் வீட்டுக்காரர் சொன்னார்:

“இப்ப திருப்தியா? பல்லு மட்டும்தான் தெரியுது.”

பிரகாசனம்

இந்த ஊரில் புத்தகத்தை வெளியிட்டே ஆக வேண்டும். ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்க, இருவரும் நெஞ்சோடு பிடித்துக் கேமராவைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிரகாசனம் என்று பெயர். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்தேன். பிரதியை நேரில் போய்க் கொடுத்து, படித்துவிட்டுப் பேசுங்கள் சார் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

‘காம்பு’ என்றதும் அவருக்கு மாம்பழக் காம்பு நினைவு வந்துவிட்டது. அங்கிருந்து தாமரைக் காம்பு, வெற்றிலைக் காம்பு, கடைசியாகக் குடைக்காம்பு வரை போனார். மிளகாய் மட்டும் வரவேயில்லை. அம்மாவும் வரவில்லை. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நான் மட்டும், பிரித்த அடையாளமே இல்லாமல் மொடமொடவென்று மேசைமேல் கிடந்த அவருடைய பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடைபெறும்போது கை குவித்துச் சொன்னார்:

“அடுத்த நாவலுக்கும் என்னையே கூப்பிடுங்கம்மா. இவ்வளவு தயார் பண்ணி நான் எங்கேயும் பேசினதில்ல.”

வீட்டிலேயே ஒரு வாசகி

மகள் பெங்களூரில் இருக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. மலையாளமும் இங்கிலீஷும் படித்தால் போதும் என்று முடிவெடுத்த வீட்டில் நானும்தான் இருந்தேன். ‘வாய்ஸ் நோட்டா அனுப்புங்க மம்மி’ என்றாள். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க முதல் அத்தியாயத்தை வாசித்து அனுப்பினேன். மறுநாள் கேட்டாயா என்றேன்.

“கேட்டேன் மம்மி, ஸ்பீடு கூட்டி வச்சு. நடுவுல குக்கர் விசில் வருதே, அது கதையிலயா நம்ம வீட்டுலயா?”

ஊறுகாய் அலமாரி

ஒரு புத்தகக் கடையில், விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி என்று சில பிரதிகள் வைக்க ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் கழித்துப் போய்த் தேடினேன். நாவல்களில் இல்லை, ‘பிற மொழி’யிலும் இல்லை. சமையல் புத்தகங்களுக்கு நடுவே, ஊறுகாய்க்கும் நோன்புக் கஞ்சிக்கும் இடையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அட்டையில் மிளகாய் இருந்ததால் தானே முடிவு செய்துவிட்டாள். திட்ட வாயெடுத்தேன். ஒன்று விற்றிருக்கிறது என்றாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள்! யார், எந்த ஊர், ஆணா பெண்ணா?

“ஒரு அம்மச்சி, சேச்சி. பக்ஷே, ரிட்டர்ன் வந்துட்டு. மாங்கா அச்சாரு எந்தப் பேஜ்லன்னு தேடிட்டுக் கிட்டலியாம்.”

அறுப்புப் பண்டிகை ஏலம்

எங்கள் சர்ச் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலின் முதல்பலனைக் கொண்டுவந்து படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் ஏலம். நகரத்தில் யாருக்கு வயல் இருக்கிறது? சாலையில் வாங்கிய பூசணிக்காயைத்தான் விளைச்சல் என்று கொண்டுவருவோம். இந்த வருஷம் எனக்கென்று ஒரு விளைச்சல் இருந்ததே! ஒரு கட்டுப் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஏலம் விடுபவர் தாசையன் அண்ணன். சேவலுக்குச் சண்டையே நடந்தது. சேனைக்கிழங்குக்கு இரண்டு குடும்பம் போட்டி. ‘காம்பு’ என்றதும் கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்தது. ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார், மூணாம் தரம் சொல்ல அவருக்கே மனசு வரவில்லை. வாழைக்குலை ஒவ்வொன்றோடும் ஒரு நாவலைச் சணலால் சேர்த்துக் கட்டிவிட்டார். குலைகள் போயின. புத்தகங்கள் சணலை விட்டுக் கழன்று வராந்தாத் திண்டில் வரிசையாக வந்து சேர்ந்தன. அண்ணன் கத்தினார்:

“யம்மா, கொலைய மட்டும் எடுத்திட்டு புஸ்தகத்த இங்க வச்சிட்டுப் போவாதீங்க! பெறவு நான்தான் சொமக்கணும்!”

கடைசிப் பக்கம்

குலையோடு புத்தகத்தையும் எடுத்துப்போனவள் ஒருத்தி உண்டு. என் வீட்டுக்காரரின் தங்கை எஸ்தர். அடுத்த வாரமே வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டை மடங்கியிருந்தது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கை பட்டிருந்தது. படித்த புத்தகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசிப் பக்கம் வரை வாசித்தாளாம். மிளகாய் எரிச்சலில் மூவரில் ஒருத்தி ராத்திரியெல்லாம் கையைத் தண்ணீரில் முக்கி வைத்திருந்த இடத்தில் அழுதுவிட்டாளாம். “உங்க அம்மைதானே மைனி அது?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காபி போட எழுந்தேன்.

எஸ்தர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் நம் சபைதான், தமிழ் நன்றாக வாசிப்பவர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“நல்லா எழுதியிருக்கீங்க மைனி, பொய் சொல்லல்ல. ஆனா எங்க மைனியோட அம்மை கூலிக்கு மொளகா கிள்ளுனவன்னு தெரிஞ்சா அவிய வருவாவளா? வேற ஆரும் இத வாசிச்சிரக் கூடாதுன்னு தெனமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதேன்.”

ஒரே ஒரு வாசகர் வேண்டும் என்று நான் செய்த ஜெபத்தைக் கேட்ட அதே ஆண்டவர், அந்த ஒரே வாசகியின் ஜெபத்தையும் தட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.