கனகாம்பிகை சொல்லிக்கொண்டு போகும் விதம்

என் மனைவி கனகாம்பிகை எந்த வீட்டிலிருந்தும் போனதே கிடையாது. வருவாள், வந்த வேலையை முடிப்பாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "அப்ப வாறன்" என்பாள், பிறகு போய்விடுவாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். "போறன்" என்ற சொல் வாசற்படியில் எங்கள் வாயில் வராது. ஆனால் இவள் அதை இங்கிலிஷிலும் சொன்னாள். அதில்தான் வந்தது வினை.

நாங்கள் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மேல்மாடியில் குடியிருந்தோம். நான் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். எண்பத்தேழு சித்திரை மாதம் அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, துப்புரவு செய்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் வேலை. அலுவலகம் அவளை அனுப்பிய இடம் பட்லோ என்ற கிராமம். பெயருக்கு அதுவும் லண்டன்தான், சிவப்பு பஸ் போகும். குரோய்டனில் பஸ் மாறி முக்கால் மணிநேரம் மேடேறிப் போனால், மாடுகள் தெருவைக் கடந்து முடியும்வரை அந்த சிவப்பு பஸ் பேசாமல் நிற்கும்.

"லண்டனுக்கு வந்து சாணி மிதிச்சவள் நான் ஒருத்திதான்" என்று முதல் நாள் வந்து சப்பாத்தைக் கழுவினாள். கழுவும்போது முகத்தில் சிரிப்பு.

பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாலையும் பட்லோ செய்திதான். யாருடைய பன்றி வேலியை உடைத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் போனது, பூக்கண்காட்சியில் யாருடைய பூசணிக்காய்க்குப் பரிசு, கடைக்காரியும் அவள் தங்கையும் எத்தனை வருடமாகப் பேசுவதில்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் ஒருநாளும் போகாத ஊரின் சண்டை சச்சரவுகளைத் தொட்டுக்கொண்டுதான் சோறு தின்றேன். எங்கள் கீழ்வீட்டுக்காரரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பட்லோவிலோ பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு பேர் "மோர்னிங், கனகா" என்பார்கள். இந்த நாட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் இடம் அது. அந்த வேலை போயிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

அவள் பார்த்துக்கொண்டவர் மிஸ்டர் பென்ஃபோல்ட். எண்பத்து மூன்று வயது. வாழ்நாள் முழுவதும் மாடு பார்த்தவர், இப்போது இடுப்பு ஏலாது. கோபக்காரர். இவள் வைத்த கஞ்சியை மாட்டுக்கும் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வழித்துக் குடிப்பார். பின்னேரம் மூன்று மணி பஸ்ஸுக்கு இவள் புறப்படும்போது, கதவடியில் நின்று, "ஐ ஆம் கமிங்" என்பாள்.

மனிதர் என்ன நினைப்பார்? வருகிறாள் என்றுதான் நினைப்பார். ஏதோ மறந்ததை வாங்கக் கடைக்குப் போகிறாள், இதோ வருவாள். தேநீருக்குக் கேத்திலில் தண்ணீரை வைத்து, மேசையில் இரண்டு கோப்பையை எடுத்து வைத்து, கதவைப் பூட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருட்டும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். மறுநாள் காலையில் இவளிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார், ரோசக்காரர்.

பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹொலிஸ் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். செப்டெம்பரில் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். இந்தப் பெண் தினமும் திரும்பி வருவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறாள், கிழவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏமாந்து போகிறார் என்று. அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். இனி "குட்பை" என்று மட்டும் சொல்ல வேண்டும், இன்னொரு முறைப்பாடு வந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். பிறகு கோபப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"குட்பை எண்டு சொல்லிப்போட்டு வாருமன். உமக்கென்ன நட்டம்?" என்றேன்.

"நீங்கள் சொல்லிப் பாருங்கோ. முடிஞ்சுது, இனி இல்லை எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு. அந்த வயசு போன மனிசனுக்கு முன்னாலை நிண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அதனால் அவள் ஒன்றுமே சொல்லாமல் வரத் தொடங்கினாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். மூன்றாம் நாள் மாலை, கறியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே அகப்பையோடு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, சொல்லாமல் வாறது எங்கையிருந்து? செத்தவீட்டிலை இருந்தெல்லோ! உயிரோடை இருக்கிற மனிசன்ரை வீட்டிலை இருந்து நான் ஒவ்வொரு நாளும் செத்தவீட்டாலை வாறமாதிரி வாறன்."

அங்கே கிழவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இவள் தன்மேல் கோபம் என்று நினைத்துவிட்டாராம். கஞ்சியைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். திட்டு வாங்காதது இவளுக்குப் பெரிய கவலை.

ஒக்டோபர் பதினைந்தாம் திகதி, வியாழக்கிழமை. இவள் வீட்டுக்குள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல், "சொல்லிப்போட்டன்" என்றாள்.

"என்னத்தை?"

"வாறன் எண்டு. காத்தடிக்கத் தொடங்கிட்டுது, அந்த மனிசன் ஜன்னலடியிலை தனிய இருக்கிறார். என்ரை வாய் சொல்லிப்போட்டுது. அந்த ஹொலிஸ் வேலியடியிலை நிண்டவ, கேட்டிருப்பா."

அன்றிரவு அடித்த புயலை அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். விடிந்து பார்த்தால் எங்கள் தெருவிலேயே மூன்று மரம் விழுந்து கிடந்தது. கரண்ட் இல்லை, ரயில் இல்லை, வெளியே போகாதீர்கள் என்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. இவள் குசினியில் காஸ் அடுப்பில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"உமக்கென்ன விசரே? பஸ்ஸும் ஓடாது, ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்" என்றேன்.

அவள் புட்டைப் பெட்டியில் போட்டு மூடினாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"ஊரிலை எல்லாரிட்டையும் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். ரண்டு வரியமாச்சு, ஒருத்தரிட்டையும் போகேல்லை. இந்த ஒரு மனிசனிட்டையாவது போவம்."

நான் கொக்கியில் தொங்கிய எங்கள் பழைய காரின் திறப்பை எடுத்தேன். வேறென்ன செய்வது?

குரோய்டனைத் தாண்டி இரண்டு மைல் போனோம். அதற்குமேல் தெரு இல்லை, மரம்தான் இருந்தது. காரை ஓரமாக விட்டுவிட்டு நடந்தோம். நடந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மரத்தில் ஏறினோம், இறங்கினோம், கிளைகளுக்குக் கீழே தவழ்ந்தோம். நான் இரண்டு தரம் விழுந்தேன். அவள் சேலைக்குமேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு, புட்டுப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் நான் பட்லோவை முதன்முதலாகப் பார்த்தேன். மனப்பாடமான ஊர், ஆனால் அரைவாசி மரங்களைக் காணோம்.

கிழவர் வீட்டு வாசலில் மழைச் சப்பாத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மிஸிஸ் ஹொலிஸ். கூரையில் பாதி ஓடு இல்லை. எல்லாரையும் ஊர் மண்டபத்துக்குக் கூட்டிப் போயாகிவிட்டது, அங்கே அடுப்பு இருக்கிறது, இவரை மட்டும் காலையிலிருந்து அசைக்க முடியவில்லை என்று எங்களைத் திரும்பிப் பார்க்காமலேயே யாரோ ஊர்க்காரர் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவள் வருவதாகச் சொன்னாளாம். அவள் தினமும் அதைத்தான் சொல்வாள், வரமாட்டாள் என்று நூறுதரம் சொல்லிவிட்டேன். இன்றைக்கு எந்தப் பைத்தியம்..." என்று திரும்பியவள், கனகத்தைக் கண்டு, வாசலைவிட்டு விலகி வழிவிட்டாள்.

உள்ளே குளிர். கிழவர் இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு கோப்பை. கனகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"லேட்" என்றார்.

இவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நாலு வாரத்துக்குப் பிறகு திட்டு வாங்கியிருக்கிறாள்.

நானும் மிஸிஸ் ஹொலிஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் நான் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அவளுக்கு விளக்கினேன். எங்கள் பாஷையில் புறப்படுகிறவர் "போகிறேன்" என்று சொல்வதில்லை, சொன்னால் இனி வரமாட்டார் என்று ஆகிவிடும், அதனால் "வருகிறேன்" என்றுதான் சொல்வோம், இன்றைக்கா நாளைக்கா என்பது அவரவர் வசதி என்றேன். அவள் கிழவரின் போர்வையைத் தோளில் இழுத்துவிட்டாள். டெலிபோன் வேலை செய்யத் தொடங்கியதும் அலுவலகத்தோடு நானே பேசுகிறேன், எழுதியது தவறு என்று சொல்கிறேன் என்றாள். சொன்னபடி பேசினாள் என்று பிறகு அறிந்தோம். கனகம் அந்த ஊருக்கு இன்னும் ஒன்பது வருடம் போய் வந்தாள்.

மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். புட்டைச் சூடாக்கி, பாலும் சீனியும் போட்டு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். மரத்தூள் என்றார் கிழவர். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

இருட்டுவதற்கு முன் காருக்குத் திரும்ப வேண்டும். இவள் கைப்பையை மாட்டிக்கொண்டு மண்டபக் கதவடியில் நின்றாள். நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. ஒரு பக்கம் மிஸிஸ் ஹொலிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் கிழவர்.

"சொல்லேன்" என்றார் கிழவர்.

"ஐ ஆம் கமிங்" என்றாள் கனகம், மெல்ல.

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கம், தென்" என்றார்.

சரி, வா. ஊரில் வாசல் படலையடியில் நின்று எங்களை அனுப்பிவைத்தவர்கள் சொன்னதும் அதைத்தான். அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கனகம் விழுந்து கிடந்த முதல் மரம் வரைக்கும் தாங்கினாள், பிறகு அதன்மேல் உட்கார்ந்து நன்றாக அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துவிட்டு, "எழும்புங்கோ, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளெனப் புறப்படவேணும்" என்றாள்.