மாமாவின் திராட்சைத் தோட்டம்

உம்மாவின் ஒரே தம்பி ஓமானில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். எங்கள் குடும்பம் முழுவதும் அப்படித்தான் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையில் ஊரில் அவருக்குப் பெண்ணும் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் இருந்தது அமீரகத்தின் அல் ஐனில்; அங்கே வாப்பாவுக்குத் துணிக்கடை. கோடை லீவில், "சொல்லாமப் போயி மச்சான் முன்னால நிப்போம்" என்று எங்களைக் கிளப்பியது வாப்பாதான்.

எல்லை தாண்டி முதலில் நிஸ்வா போனோம். அந்த வட்டாரத்துக்கு அதுதான் தலைநகரம். உருண்டையாக நின்ற கோட்டையையும் பேரீச்சம்பழச் சந்தையையும் பார்த்துவிட்டு, வாப்பாவின் நண்பர் கொடுத்த ஜீப்பில் மலையேறினோம். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். மாதுளை மரங்கள், பந்தல் பந்தலாகத் திராட்சை.

ஒரு பந்தலுக்கடியிலிருந்து எரு மூட்டையைச் சுமந்தபடி மாமா வந்தார். எங்களைக் கண்டதும் மூட்டையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டார்.

"சூப்பர்வைசரே மூட்டை தூக்கணுமா மச்சான்?" என்று வாப்பா சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாமாவின் அறை தகரக் கூரை போட்டது. ஆறு பேருக்கு மூன்று ஈரடுக்குக் கட்டில்கள். உலகத்திலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தேன். ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக நான் ஆடிக்கொண்டிருக்க, கீழே மாமா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லாத்தா, ஊருக்குத் தெரிய வேணாம். நிக்காஹ் முடியட்டும், அவகிட்ட நானே சொல்லிர்றேன்."

உம்மா தலையை மட்டும் அசைத்தார்.

அல் ஐன் திரும்பிய மறுநாள் வீட்டில் உம்மா குளித்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. பெண்ணின் தாயார். நான் எடுத்தேன்.

"ஓமானுக்குப் போனீங்களாமே, மாப்புள எப்படிம்மா இருக்காரு?"

"மாமா ரூம்ல பங்க் பெட் இருக்கு! சிக்ஸ் பீப்பிள்! மாமா அவ்ளோ பெரிய சாக்கு தூக்குவாங்க, ரொம்ப ஸ்ட்ராங்!"

அவர் மேலும் மேலும் கேட்டார். அதுவரை என் பேச்சை யாரும் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. உம்மா என்னை அடிக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. கேட்காமல் போனை எடுத்ததுதான் குற்றம் என்று நினைத்து, இனிமேல் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டிய உண்மையைத்தானே சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை மனத்தைத் தேற்றப் பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை மாமா போனில் கூப்பிட்டார். உம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"மருமவளே, நல்லா இருக்கியாம்மா?"

"மாமா, உங்க கல்யாணத்துக்கு எனக்கு என்ன டிரஸ் எடுப்பீங்க?"

"எடுக்கலாம்மா" என்றார். பிறகு போனில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மலையில் சிக்னல் சரியில்லை என்று உம்மாவிடம் போய்ச் சொன்னேன்.