ஆறாம் நாள், மாத்தளன் கரை

யாழ்ப்பாணம் குருநகரில் வாடகைக்கு வான் ஓடுகிறவர்கள் பலர். ஆனால் தூரப் பயணம் என்றால் சனம் எமில்ராஜைத்தான் தேடி வரும். அவருடைய வானுக்காக அல்ல. அது கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தவேண்டிய பழைய டொல்பின் வான். அவருடைய கொப்பிக்காக. பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, முறிகண்டியில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே தேத்தண்ணி குடித்தால் வயிறு கெடாது, எந்தக் கடையில் பெண்கள் போகக்கூடிய கக்கூஸ் இருக்கிறது, எந்த வளைவில் பின்னேரம் யானை நிற்கும் என்று ஒன்றும் விடாமல் எழுதிவிடுவார். கிலோமீற்றர் கணக்கில் மனிதருக்கு நம்பிக்கை கிடையாது. ஆலமரமும் மஞ்சள் மதகும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் திரும்பவும் என்றுதான் எழுதுவார்.

அது கடலில் பழகியது. நடுக்கடலில் வலை போட்டவன் கரையைத் திரும்பிப் பார்ப்பான். கோயில் கோபுரமும் ஒரு தனிப்பனையும் ஒரே நேரில் வந்தால் அது ஒரு குறி. இன்னொரு பக்கத்தில் இன்னொரு குறி. அடுத்த நாள் அந்தக் குறிகளைப் பிடித்துக்கொண்டு போனால் வலை கிடக்கும். எமில்ராஜ் இருபது வருடம் அப்படித் தொழில் செய்தவர். ஒரு வலையைக்கூடத் தொலைத்ததில்லை என்று இன்றைக்கும் கரையில் சொல்லுவார்கள். அதைக் கேட்கும்போது அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

போன ஆனி மாதம் கனடாவிலிருந்து வின்சன்ற் பேசினார். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளி. வட்ஸ்அப்பில் குரல் வந்தது.

“மச்சான், பிள்ளையளுக்குச் சொந்தக்காரரைக் காட்டினது காணும். காடு காட்டு, மிருகம் காட்டு, கடல் காட்டு. ஏழு நாள். பயணத்தை நீ போட்டுத் தா. நான் மறுகதை கதைக்கமாட்டன்.”

மறுகதை கதைக்கமாட்டேன் என்றவர் அதன் பிறகு மறுகதையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. எமில்ராஜ் முதல் இரண்டு நாளை வில்பத்துக் காட்டுக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் தெற்கே யால. பிறகு கிழக்குக் கரையோடு பொத்துவில், திருகோணமலை. அங்கிருந்து வவுனியாவுக்கு ஏறி, நேரே வீடு. வின்சன்ற் வரைபடத்தை வைத்துப் பார்த்துவிட்டு மறுநாளே பிடித்துக்கொண்டார்.

“ஏன்ரா உள்ளுக்காலை சுத்துறாய்? கரையாலை வா. முல்லைத்தீவு, மாத்தளன், பிறகு சுண்டிக்குளம் பார்க். பூநாரை நிக்குமாம். பிள்ளையள் இப்பவே துள்ளுதுகள்.”

நீங்கள் வருகிற ஆவணியில் களப்புத் தண்ணி வற்றிவிடும், ஒரு கொக்குக்கூட நிற்காது என்றார் எமில்ராஜ். அது உண்மை. அப்படியென்றால் பங்குனி விடுமுறைக்கு வருகிறோம் என்று வின்சன்ற் பயணத்தையே தள்ளிவைத்தார். அந்தக் கரையில் மணல், வான் புதையும் என்றார். அங்கே ஜீப் பிடிக்கலாம் என்று பதில் வந்தது. தங்க இடமில்லை என்றார். கூடாரம் கொண்டுவருகிறோம் என்றார்கள். காட்டையும் கடலையும் விரல் நுனியில் வைத்திருந்த மனிதருக்கு அந்த ஒரு துண்டுக் கரையைச் சுற்றிப் போக வழி கிடைக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் அவர் கிணற்றடியில் நிற்க, போனில் வந்த வின்சன்றின் குரலைப் பெண்சாதி கத்தரீனா போட்டுக் கேட்டுவிட்டாள். மாத்தளன் என்ற சொல் அவளுடைய காதில் விழுந்தது.

துவாயோடு உள்ளே வந்தவரிடம் அவள் கேட்டாள். “மாத்தளனாலையோ போறியள்?”

“இன்னும் முடிவில்லை.”

“நானும் வாறன்.”

பதினாறு வருடமாக எமில்ராஜ் பயந்துகொண்டிருந்தது இந்த இரண்டு சொல்லுக்குத்தான்.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்த இரண்டு பேரும் முல்லைத்தீவுக் கரையில்தான் கலியாணம் முடித்தார்கள். அங்கேதான் ஜெசிதா பிறந்தாள். இரண்டாயிரத்தொன்பதில் சனத்தோடு சனமாக மாத்தளனுக்குத் தள்ளுப்பட்டபோது அவளுக்கு ஆறு வயது. கத்தரீனாவின் இடக்காலில் ஷெல் பட்டது. காயக்காரரை ஏற்றிய கப்பலில் அவளைத் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். பிள்ளை தகப்பனோடு நின்றாள். ஒன்பதாம் நாள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்தது. ஜெசிதா அந்த இடத்திலேயே முடிந்துபோனாள்.

ஐந்து மாதம் கழித்துச் செட்டிகுளம் முகாமில் கத்தரீனா தடியை ஊன்றிக்கொண்டு வந்து கேட்டாள். “பிள்ளையை எங்கை வைச்சனீங்கள்?”

வேறு எதையும் கேட்டிருந்தால் எமில்ராஜ் அழுதிருப்பார். இதற்கு அவர் பதில் வைத்திருந்தார். சின்னக் கோயிலுக்கும் இரட்டைப்பனைக்கும் நடுவில், கடலைப் பார்த்து, சுவாமியார் செபம் சொல்லி, வள்ளப் பலகையில் குருசு அடித்து வைத்ததாகச் சொன்னார். கத்தரீனா கடற்தொழிலாளியின் மகள், கடற்தொழிலாளியின் பெண்சாதி. இரண்டு குறியோடு சொன்ன இடம் அவளுக்கு வேதம். அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். அந்த ஒரு கோப்பைச் சோற்றைப் பார்த்துவிட்டு எமில்ராஜ் பொய்யைத் திருப்பி எடுக்காமல் விட்டார்.

பிறகு எடுக்க முடியவில்லை. முதலில் மிதிவெடி என்றார். அடுத்து வேலி அடைத்திருக்கிறார்கள் என்றார். அதன் பிறகு காடும் களப்பும் அரசாங்கத்துக்குப் போய்விட்டது, பனையடிப் பக்கம் விடமாட்டார்கள் என்றார். கார்த்திகை இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக் கல்லறைகள் முழுக்க மெழுகுதிரி எரியும். தங்கள் ஆட்களுக்குக் கல்லறை இல்லாதவர்கள் நடுவில் நிற்கிற பெரிய குருசடியில் கொளுத்துவார்கள். கத்தரீனா அங்கே கொளுத்திவிட்டு, பனையடியில் இன்றைக்கு யார் கொளுத்துவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். வைகாசியில் செத்தவர்களை நினைத்து அழ, சனம் பஸ் பிடித்து அந்தக் கரைக்குப் போகும். அவளையும் வா என்று கூப்பிடும். அவருக்குத்தான் இடம் தெரியும், அவரோடுதான் போவேன் என்று நின்றுவிடுவாள். வைகாசி வந்தால் எமில்ராஜுக்கு எங்கிருந்தோ ஒரு வான் ஓட்டம் கிடைத்துவிடும். வேறு பிள்ளை பிறக்கவில்லை. கடலுக்கும் அவர் திரும்பிப் போகவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்துக் குறி பிடிக்கிற தெம்பு அந்த மனிதரிடம் இல்லை.

நானும் வாறன் என்று சொன்ன நாளிலிருந்து கத்தரீனாவின் முகம் மாறிவிட்டது. வருத்தக்காரி மாதிரி இருந்தவள் விடிய எழும்பி வீடு கூட்டினாள். மெழுகுதிரி ஒரு பெட்டி வாங்கி அலுமாரியில் வைத்தாள். வின்சன்றின் பெண்சாதிக்கு என்று பனம் பினாட்டுக்கூடச் சொல்லி வைத்தாள். எமில்ராஜ் ஒவ்வொரு நாளும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்து, தேத்தண்ணிக்குச் சீனி கேட்டுவிட்டு மூடினார்.

மாசி மாதச் சனிக்கிழமை ஒன்று. பலாலிக்கு ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டுப் பின்னேரம் வந்தவர் வானை முற்றத்தில் நிற்பாட்டினார். தண்ணீர்க் குழாயடியில் ஒரு முழ உயரத்தில் சீமெந்துக் குருசு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. வெள்ளைப் பூச்சுக் காயவில்லை. அதில் நீலத்தில் ஜெசிதா என்று எழுதியிருந்தது.

“மேசனிட்டைச் சொல்லிச் செய்விச்சனான். எப்பிடி இருக்கு?” கத்தரீனா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “வின்சன்ற் ஆக்களின்ரை பெட்டியளுக்குள்ளை வைச்சால் இடிபடும். நான் மடியிலை வைச்சுக்கொண்டு வருவன். பனைக்கும் கோயிலுக்கும் நடுவிலை, கடலைப் பாத்து நட்டால் சரிதானே?”

எமில்ராஜ் வானின் படியில் இருந்துவிட்டார்.

“பனை இல்லை, கத்தரீனா.”

“தறிச்சுப்போட்டாங்களோ?”

ஓம் என்றால் போதும். அவளே வழியைத் திறந்து விட்டுவிட்டாள். தறித்துவிட்டார்கள், கோயிலும் இடிந்துவிட்டது, உத்தேசமாக இதில்தான் என்று ஓர் இடத்தைக் காட்டிவிட்டால் சாகும்வரை நிம்மதியாக இருப்பாள். எமில்ராஜ் குருசைப் பார்த்தார். அந்தப் பெயரைப் பதினாறு வருடத்தில் எழுத்தில் பார்ப்பது இன்றைக்குத்தான்.

“இல்லை. அதிலை பனையே இருக்கேல்லை. கோயிலும் இல்லை. சுவாமியும் வரேல்லை. ஆரோ விட்டிட்டுப் போன பங்கருக்குள்ளை வைச்சுக் கையாலை மண்ணைத் தள்ளினனான். பாதி மூடேக்கை திரும்பவும் ஷெல் வந்திட்டுது. ஓடினனான். பின்னேரம் வந்து பாக்க எல்லாம் ஒரே மாதிரிக் கிடந்தது. மூண்டு நாள் தேடினனான். எனக்கு இடம் தெரியாது.”

திட்டுவாள், மண்ணை அள்ளி எறிவாள் என்று அவர் காத்திருந்தார். அப்படிச் செய்தால் நல்லது என்றும் நினைத்தார்.

“முகத்தை மூடினியளோ?” என்று கேட்டாள்.

“ஓம். என்ரை சேட்டைக் கழட்டி மூடிப்போட்டுத்தான் மண் போட்டனான்.”

“எந்தச் சேட்டு?”

“நீலக் கோடன். நீ கொலர் பிரட்டித் தைச்சது.”

அவள் தலையை ஆட்டினாள். குருசுக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினாள். அந்தக் காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு இருந்தாள்.

“முதலே சொல்லியிருந்தால் நான் எப்பவோ சனத்தோடை போயிருப்பன். உங்களைப் பாத்துக்கொண்டெல்லோ இவ்வளவு காலமும் இருந்தனான்.”

கண்ணீர் வந்ததைத் துடைக்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில், “நீ சொல்லுற இடத்திலை வானை நிப்பாட்டுறன்,” என்றார்.

“எனக்கு எப்பிடித் தெரியும்? அந்தக் கரை முழுக்க நிப்பாட்டுங்கோ. ஒரு இடமும் விடாதேங்கோ.”

வின்சன்றுக்கு அன்றைக்கே அறிவிக்கவேண்டி இருந்தது. ஆறாம் நாள் முழுக்க மாத்தளன் கரையில்தான், பூநாரை ஏழாம் நாள் என்று எமில்ராஜ் எழுதி அனுப்பினார். பிள்ளை செத்தது வின்சன்றுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. பதில் உடனே வந்தது.

“ஒரு நாள் முழுக்கவோ? அங்கை அப்பிடி என்னத்தை மச்சான் பாக்கிறது?”

கத்தரீனா போனை வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்து, நிதானமாகச் சொன்னாள்.

“எங்கடை பிள்ளையை, அண்ணை.”

அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.